ஊர்க்கதவுகள் அரண்மனை ஏறிய கதை

முன்னொரு காலத்தில் மலைமேல் ஒரு நாடு இருந்தது. பெயரைக் கேட்காதீர்கள், சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் வந்து சண்டை பிடிப்பார்கள், எனக்கு இப்போது அதற்கெல்லாம் தெம்பு இல்லை. அந்த நாட்டு மன்னருக்கு ஒரு சித்திரை மாதத்தில் வியர்த்துவிட்டது. வியர்த்தால் விசிறிக்கொள்ள வேண்டியதுதானே? மன்னர் அப்படிச் செய்வாரா? நாற்பது வாசல் வைத்து ஒரு மண்டபம் கட்டினார். ஒரு வாசலுக்கும் கதவு கிடையாது. கூரையோ பனைமர உயரம். நாலு திசைக் காற்றும் தம்மை வந்து வணங்க வேண்டும் என்பது அவர் ஆசை.

சித்திரையில் வணங்கிய காற்று மார்கழியில் வந்து கடித்தது. உள்ளறைக்குப் போய்ப் படுத்திருக்கலாம். ஆனால் மண்டபம் கட்டின மன்னருக்கு அது கௌரவக் குறைச்சல். எட்டு மூலையில் எட்டுக் கணப்பு மூட்டச் சொன்னார். விறகு வண்டி வண்டியாக வந்தது. சூடு கூரைக்குப் போனது, வாசலுக்குப் போனது, மன்னர் பக்கம் மட்டும் திரும்பவில்லை. மலைச்சரிவு மொட்டையாகியும் அவர் மூக்கு ஒழுகுவது நிற்கவில்லை.

விறகுக்குப் பொறுப்பு நாகலிங்க ராயர். காட்டில் இனி மரம் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. போதாததற்கு, அரசவையில் விகடம் பேசும் சடையாண்டி மேல் அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். சடையாண்டி வாய் திறந்தால் மன்னர் சிரிப்பார். ராயர் வாய் திறந்தால் கொட்டாவி விடுவார். ஒரு புதன்கிழமை ராயர் சபையில் எழுந்தார். ஊரார் வீட்டுக் கதவுகள் நன்றாகக் காய்ந்த மரம், நின்று எரியும் என்றார். அவற்றைக் கொண்டுவந்து சேர்க்கச் சடையாண்டியே தகுந்த ஆள் என்றும் சொன்னார். சேர்த்தால் ஊர் அவனைக் காறித் துப்பும், மறுத்தால் சிறை. ராயர் போட்ட திட்டம் அதுதான்.

மன்னர் அடுத்த தும்மல் வருவதற்குள் ஓலை எழுதச் சொல்லி முத்திரை வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஊரில் உள்ள எல்லா வீட்டுக் கதவுகளும் மண்டபத்துக்கு வந்தாக வேண்டும், அவற்றைக் கொண்டு மன்னரின் குளிரைப் போக்க வேண்டும், தவறினால் சடையாண்டிக்குச் சிறை என்றது ஓலை. சடையாண்டி அதை மூன்று தரம் படித்தான். அப்படியானால் ஊர்க்காரன் குளிருக்கு என்ன செய்வான் என்று கேட்டான். அது ஊர்க்காரன் பாடு என்றார் மன்னர்.

அவன் ஊருக்குள் வருவதற்குள் ராயரின் ஆட்கள் மாதிரி காட்ட ஒரு கதவைப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். யார் வீட்டுக் கதவு? தேடிப் பிடித்து, சடையாண்டியின் தங்கை பேச்சியின் வீட்டுக் கதவு. பேச்சி பிள்ளை பெற்று ஆறு நாள்தான் ஆகியிருந்தது. அவள் புருஷன் அரண்மனைக்கு விறகு வண்டி ஓட்டப் போய் ஒரு மாதமாக வீடு திரும்பவில்லை. கதவு இருந்த இடத்தில் மருத்துவச்சி குருவம்மாள் ஒரு பாயை விரித்துப் பிடித்தபடி, ராயரின் ஏழு தலைமுறையையும் ஏசிக்கொண்டு நின்றாள்.

பிள்ளை பெற்றவள் அறையைக் குருவம்மாள் எப்படி அடைப்பாள் என்பது ஊருக்கே தெரியும். சுவர் வெடிப்பில் வைக்கோல் பிசைந்த களிமண், ஜன்னல் இடுக்கில் பழந்துணி, கூரையும் சுவரும் சேரும் இடத்தில் வைக்கோல் பிரி. பச்சை உடம்பில் ஊசிமுனைக் காற்றுகூடப் படக் கூடாது. அவள் அடைத்த அறைக்கு ஒரு சட்டி நெருப்பு போதும், கதகதப்பு விடியும்வரை தங்கும். இப்போது சட்டியில் நெருப்பு இருந்தது, அறையில் சூடு இல்லை. பிள்ளையின் உதடு நீலம் பூத்திருந்தது.

"ஒத்தச் சட்டி நெருப்ப வச்சு ஆறு நாளாக் காப்பாத்திட்டு வர்றேன்யா," என்றாள் குருவம்மாள். "அங்க எட்டுக் கணப்பு எரிச்சும் உங்க ராசாவுக்குக் குளுருதாமே. கதவில்லாத எடத்துல எரிச்சா காத்துக்குத்தான் குளிரு விடும். இது அந்த மனுசனுக்குத் தெரியலையா, சொல்ல ஆளில்லையா?"

சடையாண்டிக்கு ஆத்திரத்தில் காது சிவந்தது. தாயையும் பிள்ளையையும் போர்த்தித் தன் வீட்டுக்குத் தூக்கிவந்தான். வெள்ளிக்கிழமை அந்த வீட்டுக் கதவும் போயாக வேண்டும். அதன்பின் அந்தப் பிள்ளைக்கு ஒதுங்க இடம் கிடையாது. அவன் ஓலையை எடுத்து நாலாம் தரம் படித்தான். பிறகு மன்னரிடம் போய், வெள்ளிக்கிழமை மாலைவரை மண்டபம் தன் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டான்.

வியாழக்கிழமை முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கினான். சிலர் அவன்மேல் சாணித் தண்ணீரை ஊற்றினார்கள். துடைத்துக்கொண்டு, கதவு மட்டும் தனியாக வர வேண்டாம், கதவோடு வீட்டில் உள்ள எல்லாரும் வாருங்கள், தச்சன் உளியோடு வரட்டும், வைக்கோல் இருப்பவன் வைக்கோலோடு வரட்டும் என்று சொன்னான்.

வெள்ளிக்கிழமை காலையில் கதவுகள் தலைமேல் ஏறி அரண்மனைக்குள் நுழைந்தன. தச்சர்கள் நாற்பது வாசலுக்கும் நாற்பது கதவை மாட்டினார்கள், தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கும்படியாக. தூண்களின் இடையில் குறுக்கே உத்தரம் கட்டி, மிச்சக் கதவுகளையெல்லாம் அதன்மேல் பரப்பி, முழங்கால் உயரத்துக்கு வைக்கோலைக் கொட்டினார்கள். பனைமர உயரக் கூரை இரண்டு ஆள் உயரத்துக்கு இறங்கிவிட்டது. குருவம்மாள் சாம்பிராணிச் சட்டியைக் கையில் ஏந்திச் சுவரோரமாக நடந்தாள். புகை நேராக எழுந்தால் தாண்டிப் போனாள். எங்கே புகை சாய்ந்ததோ அங்கே காற்று நுழைகிறது என்று அர்த்தம். உடனே களிமண், உடனே துணி. கடைசி இடுக்குக்குத் துணி பற்றவில்லை. என்னதான் நடக்கிறது என்று எட்டிப் பார்க்க வந்த ராயரின் பட்டு உத்தரீயம் அவள் கைக்கு எட்டியது. அதை உருவிச் சுருட்டி இடுக்கில் திணித்துவிட்டாள்.

மாலையில் மன்னர் நான்கு சால்வையோடு வந்தார். மண்டபத்தில் எட்டுக் கணப்பும் அணைந்து கிடந்தன. நடுவில் ஒரே ஒரு சட்டி நெருப்பு. ஒவ்வொரு கதவோரமும் அந்தக் கதவுக்காரர் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். மன்னர் உள்ளே வந்ததும் தாழ்ப்பாள் விழுந்தது. சற்று நேரத்தில் ஒரு சால்வை இறங்கியது, பிறகு இன்னொன்று. குருவம்மாள் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சுக்குக் கஷாயத்தை அவருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். மூன்று செம்பு குடித்த மன்னருக்கு நெற்றி வியர்த்தது.

மன்னரோடு வந்திருந்த ராயர் முன்னால் வந்தார். ஒரு கதவைக்கூட இவன் எரிக்கவில்லை, ஆணையை மீறினான் என்றார். பிள்ளை பெற்ற தீட்டையும் அரண்மனைக்குள் கொண்டுவந்துவிட்டான் என்றார்.

"அந்தத் தீட்டு வீட்டுக் கதவை முதலில் இங்கே கொண்டுவந்தது தாங்கள்தானே, ராயரே?" என்றான் சடையாண்டி. "மகாராஜா, ஓலையில் எரி என்று ஒரு சொல் இல்லை. கதவு வர வேண்டும், குளிர் போக வேண்டும். கதவு வந்தது. குளிர் இருக்கிறதா என்று வியர்வையைத் துடைத்துவிட்டு ராயரே சொல்லட்டும்."

மன்னருக்கு ஏக மகிழ்ச்சி. அப்படியானால் இந்தக் கதவுகள் என்றைக்கும் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். சடையாண்டி ஒரு வார்த்தை மறுக்கவில்லை. ஆகட்டும், கதவுக்காரர்களும் அப்படியே இங்கேயே இருப்பார்கள் என்று மட்டும் சொன்னான்.

மூன்று செம்புக் கஷாயம் சும்மா இருக்குமா? மன்னருக்குக் கொல்லைப்பக்கம் போக வேண்டியிருந்தது. முதல் கதவுக்குப் போனார். குழந்தைகள் இப்போதுதான் தூங்குகின்றன, காற்று வரும், திறக்க முடியாது என்றான் கொல்லன். அடுத்த கதவில் வண்ணாத்தி தன் மாமியாருக்கு இழுப்பு என்றாள். மூன்றாவது கதவில் சாய்ந்திருந்த கிழவர் நகரவே இல்லை. மன்னர் கால் மாற்றிக் கால் வைத்தபடி பேச்சியின் கதவுக்கு வந்தார். மடியில் பிள்ளையோடு அவள் தாழ்ப்பாளைப் பிடித்திருந்தாள்.

"இது எங் கதவு சாமி," என்றாள் பேச்சி. தாழ்ப்பாளை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "இது இல்லாமத்தான் புதன்கிழம எம் பிள்ளைக்கு உதடு நீலம் பாரிச்சுப் போச்சு. நீங்க குளிருதுன்னு கேட்டீங்க, அவனுக்குக் கேக்கத் தெரியல. சிறையில போட்டாலும் போடுங்க, தொறக்க மாட்டேன்."

மன்னர் குனிந்து பிள்ளையைப் பார்த்தார். அது உதடு சிவக்க, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் தம் மூக்கைத் தவிர வேறெதையும் நினைக்காதது அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"நான் என்ன செய்தால் திறப்பாய், அம்மா?" என்றார்.

"எங்க கதவ எங்ககிட்டயே குடுத்துருங்க."

எல்லார் கதவும் நாளைக் காலையே அவரவர் வீட்டுக்குத் திரும்பும், மண்டபத்துக்குப் புதுக் கதவு செய்யும்வரை நாம் உள்ளறையில் படுப்போம், போதுமா, சீக்கிரம் திற என்றார் மன்னர். ஊரில் ஒரே ஒரு வீட்டுக் கதவு மட்டும் ஆணைக்கு வரவில்லை, அது ராயர் வீட்டுக் கதவு என்று சடையாண்டி எடுத்துக் கொடுத்தான். அதைப் பெயர்த்துக்கொண்டு வா, தை பிறக்கும்வரை ராயர் கதவில்லாமல் படுக்கட்டும் என்று ஆணை பிறந்தது. தாழ்ப்பாள் விலகியது. வெளியே ஓடிய மன்னர் திரும்பி வரும்போது தம்மையே நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். சடையாண்டியைக் கூப்பிட்டு, என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார். முதலில் பெயர்த்த பேச்சி வீட்டுக் கதவை மகாராஜா தம் தலையிலேயே சுமந்து வர வேண்டும் என்றான் அவன்.

மறுநாள் காலையில் ஒரு முனையை மன்னரும் மறுமுனையைச் சடையாண்டியுமாகக் கதவைத் தலையில் தூக்கிக்கொண்டு தெருவில் போனார்கள். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தது. தச்சன் கதவை நிலையில் பொருத்தினான். மன்னர் வாசலில் நின்று, நன்றி ஏதாவது வரும் என்று தொண்டையைச் செருமினார்.

"காத்து உள்ள வருது, சாமி," என்று சொல்லிவிட்டுப் பேச்சி அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

மன்னர் அந்தக் குளிரில் வெளியே நின்றபடி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு தம் தோளிலிருந்த சால்வையை எடுத்துச் சடையாண்டிக்குப் போர்த்திவிட்டு, நடுங்கிக்கொண்டே அரண்மனைக்கு நடந்தார்.