சிவகங்கை பஸ்ஸில் ஏறிய பதில்

சவரிமுத்துவுக்கு நாற்பத்திரண்டு வயது. பதினேழு வருடம் ராணுவத்தில் மருத்துவப் பிரிவில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றபின், டாக்டருக்கு உதவியாளராகும் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பில் சேர்ந்தார். கடைசி வருடப் பயிற்சிக்காக மதுரையில் ஓர் இதய மருத்துவமனைக்கு வந்திருந்தார்.

அங்கே அவருக்குக் குரு மெஹருன்னிசா. ஒன்பது வயது இளையவர், ஆனால் அந்த வேலையில் பத்து வருடம் ஆனவர். நோயாளியிடம் கேட்டு டாக்டரிடம் சொல்வதையும், டாக்டர் சொன்னதை நோயாளிக்குப் புரியவைப்பதையும் கற்றுக்கொடுத்தார். சவரிமுத்து அவரை "மேடம்" என்பார். அவர் சவரிமுத்துவை "அண்ணே" என்பார்.

ஒரு நாள் காலை கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மாயழகு வீட்டுக்குக் கிளம்பியாச்சா அண்ணே?"

மாயழகு சிவகங்கைப் பக்கத்துச் செங்கல் சூளைத் தொழிலாளி. பதினைந்து நாளுக்கு முன்பு அவர் இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியிருந்தார்கள்.

"கிளம்பியாச்சு மேடம். அவர் சம்சாரம் பஞ்சவர்ணம்தான் வாசல்ல நின்னு ஒண்ணு கேட்டாங்க. பல் தேய்க்கிறப்ப ரத்தம் வருதாம். அந்த ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையை ரெண்டு நாள் விட்டுப் பார்க்கலாமான்னு."

"என்ன சொன்னீங்க?"

"சரி, விட்டுப் பாருங்கன்னேன்."

மெஹருன்னிசா டீயைக் கீழே வைத்தார்.

"அது உங்களுக்குத் தெரியுமா அண்ணே?"



"தெரியாது. டாக்டர்னு கூப்பிட்டுக் கேட்டாங்க. தெரியாதுன்னு சொல்ல வாய் வரல."

"அதை விட்டா வால்வுல ரத்தம் கட்டிரும்ணே. உயிருக்கே ஆபத்து."

வார்டுக்கு ஓடி, மாயழகுவின் கோப்பிலிருந்த எண்ணுக்குப் போன் அடித்தார். போன் அணைந்திருந்தது. பிறகு பெரிய டாக்டரை அழைத்து, போனை சவரிமுத்துவிடம் நீட்டினார்.

"நீங்களே சொல்லுங்க."

சவரிமுத்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

"மாத்திரையை நிறுத்தக் கூடாது. ரத்தம் எடுத்துப் பார்த்துட்டுத்தான் அளவை மாத்தணும். எப்படியாவது கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர்.

இருவரும் ஆட்டோ பிடித்து மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்கு விரைந்தார்கள்.

"என்னைத் திட்டுங்க மேடம்."

"அப்புறம் திட்டுறேன். இப்ப சிவகங்கை பஸ் எங்க நிக்குதுன்னு பாருங்க."

மூன்றாவது பஸ்ஸில் அவர்கள் இருந்தார்கள். ஜன்னலோரம் மாயழகு, பக்கத்தில் மடியில் பையோடு பஞ்சவர்ணம். டிரைவர் எஞ்சினைக் கிளப்பிவிட்டிருந்தார். மெஹருன்னிசா கண்டக்டரிடம் ஏதோ சொல்லிவிட்டுப் படியருகிலேயே நின்றுகொண்டார். சவரிமுத்து மட்டும் உள்ளே போனார்.

"அம்மா, நான் டாக்டர் இல்ல. டாக்டருக்கு உதவியா இருக்கிற வேலைக்குப் படிச்சுக்கிட்டு இருக்கேன். தெரியாமலே உங்களுக்குப் பதில் சொல்லிட்டேன். மாத்திரையை விடக் கூடாது. ரத்தம் எடுத்துப் பார்க்கணும்னு பெரிய டாக்டர் கூப்பிடுறார்."

பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பஞ்சவர்ணத்தின் முகம் இறுகியது.

"டாக்டர் இல்லையா நீங்க?"

"இல்லம்மா."

"நீங்க சொன்னதை நம்பி இந்நேரம் மாத்திரையை அடியில போட்டு மூட்டை கட்டிட்டேனே!"

சவரிமுத்து தலைகுனிந்து நின்றார். அவர் சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. மாயழகு மெதுவாக எழுந்து மனைவியின் தோளைத் தொட்டார்.

"ஆளு ஓடி வந்திருக்கு பாரு. இறங்கு."

பஞ்சவர்ணம் இருக்கையை விட்டு எழுந்தாள். பிறகு பையைத் தூக்கி சவரிமுத்துவின் கையில் கொடுத்தாள்.

"இதைப் பிடிங்க. நான் அவரைப் பிடிச்சுக்கிறேன்."

பரிசோதனையில் மாத்திரையின் அளவு சற்று அதிகம் என்று தெரிந்தது. டாக்டர் அதைக் குறைத்து எழுதினார். சவரிமுத்துவிடம், "இனிமே என்னைக் கேக்காம சொல்லாதீங்க" என்றார். ஒரு நாள்கூட விடாமல் எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதை சவரிமுத்துவே பஞ்சவர்ணத்துக்கு விளக்கி, அவள் வாயால் இரண்டு முறை திருப்பிச் சொல்ல வைத்தார்.

மத்தியான பஸ்ஸில் அவர்களை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது ஆட்டோவில் சவரிமுத்து கேட்டார்:

"மேடம், 'தெரியாது, கேட்டுச் சொல்றேன்'னு தயங்காமச் சொல்ல உங்களுக்கு எத்தனை வருஷம் ஆச்சு?"

மெஹருன்னிசா சிரித்தார்.

"இன்னைக்குக் காலையிலகூட ஒருத்தர்கிட்ட சொன்னேன்ணே. அப்பவும் நாக்கு எழமாட்டேன்னுச்சு."