'நாங்கள்' பிறந்த கதை

தவளையும் கொக்கும் முகம் கொடுத்துப் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், 'நாங்கள்' என்ற சொல்லே கிடையாது. 'நாம்' மட்டும்தான். சொல்கிறவர், கேட்கிறவர் எல்லோரும் அதற்குள் அடக்கம். அதனால் எல்லோருக்கும் ஒரே ஞாபகம்.

ஒரு மழைக்காலம். ஏரிக்கரையைக் காப்பது எல்லோருக்கும் பொதுவான வேலை. அன்று பார்த்துத் தவளைகளுக்குள் பாட்டுப் போட்டி. விடுமா இதுகள்? கொக்கு, எருமை, ஆமை மூன்றும் கரையை அம்போவென்று விட்டுவிட்டுப் பாட்டுக் கேட்கப் போய்விட்டன. கரை உடைந்தது. விரால் மீனின் குஞ்சுகளையெல்லாம் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது.

"காவலை விட்டுப் போனது யார்? அவருக்கு இனி இந்த ஏரியில் இடமில்லை" என்று விரால் அழுதது.

ஆமைக்குப் பொய் வராது. "நாம்தான் அக்கா, பாட்டுக் கேட்கப் போனோம்" என்றது.

"நாமா? நானுமா போனேன்? குஞ்சுகளைத் தேடி நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா?"

விராலை விட்டுவிட்டுச் சொல்ல ஆமையிடம் சொல் இல்லை, பாவம்.

கொக்கு சும்மா இருக்குமா? 'நாம்' என்பதற்குப் பின்னால் ஒரு வாலை ஒட்டியது. "நாங்கள் கரையில்தான் நின்றோம்."

"நாங்கள் என்றால் யார்?"

"நானும் எருமையும். ஆமையை நாங்கள் பார்க்கவே இல்லை."

எருமை முதலில் தலையைக் குனிந்துகொண்டது. பிறகு, "ஆமாம், நாங்கள் நின்றோம். நான்கூடச் சேற்றை அள்ளி அப்பினேன்" என்றது. சொல்லச் சொல்ல அதற்கே காலில் சேறு ஒட்டியிருந்தது போல இருந்தது.

"எருமையண்ணே, என் பக்கத்தில் உட்கார்ந்துதானே பாட்டுக்குத் தலையாட்டினாய்?" என்று கேட்டது ஆமை.

எருமை நிஜமாகவே யோசித்துப் பார்த்தது. "இல்லையே தம்பி. எனக்கு அப்படி ஞாபகமே இல்லையே."

வேடிக்கை என்னவென்றால், அது பொய் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லுக்குள் நின்று பார்த்தபோது, ஆமை அதன் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

ஆமை ஏரியை விட்டுத் தன்னந்தனியாக நடந்தது. யாரும் கூப்பிடவில்லை.

அன்று தொடங்கியதுதான் இது: பழைய கதையை ஒருவர் "நாங்கள்" என்று ஆரம்பித்ததுமே, கூடவே இருந்த இன்னொருவர், "அப்போது நான் எங்கே இருந்தேன்?" என்று கேட்பது.