பூட்டைக் காணிக்கை தந்த பாளையத்தம்மாள்

வடசென்னையில், கால்வாயை ஒட்டி நெருக்கியடித்து நிற்கும் வீடுகளுக்கு நடுவே மாநகராட்சி நடுநிலைப் பள்ளி ஒன்று உண்டு. அந்தத் தெருவின் கோடியில் செல்லியம்மன் குடியிருக்கிறாள். பள்ளியின் கழிவறைகளைக் கழுவிப் பிழைத்தவர் பாளையத்தம்மாள் என்னும் அடியார்.

விடியும்போதே துடைப்பமும் பினாயிலுமாக வந்துவிடுவார். வேலை முடிந்தபின் கோயிலுக்குப் போவார். உள்ளே நுழைய மாட்டார். தம்மேல் அடிக்கும் வாடை தாய்க்கு ஆகாது என்று சூலத்துக்கு இப்பாலேயே நின்று கும்பிடுவார். ஆனால் அவருடைய மெய்யான பூசை பள்ளியில்தான் நடந்தது. தெருக்குழாயில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்துக் காத்திருந்து, வருகிற பெண்பிள்ளை ஒவ்வொன்றையும் "வா செல்லி" என்றே அழைப்பார். எந்தச் சாதிப் பிள்ளையானாலும், எந்த மதத்துப் பிள்ளையானாலும் அவருக்குச் செல்லிதான்.

"செல்லி ஆயா வருது, மூக்கைப் பொத்திக்கோ" என்று பையன்கள் கூவுவார்கள். ஆசிரியை ஒருவர் ஒருநாள், "சாமியை வரவேற்கிற எடத்தைப் பாரு" என்று சிரித்தார். "அவளுக்குக் கோவம் வந்தா அவ சொல்லுவா டீச்சர்" என்று பதில் சொல்லிவிட்டு அம்மையார் தம் வேலையைப் பார்த்தார்.

பழைய கழிவறையில் கதவும் இல்லை, குழாயில் தண்ணீரும் இல்லை. ஆகவே பெண்பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். வயதுக்கு வந்ததும் பலர் பள்ளிக்கே வராமல் நின்றுவிடுவார்கள். பிள்ளைகள் குறையக் குறைய, பள்ளியை வேறொன்றோடு சேர்த்துவிடப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. அந்த நேரத்தில்தான் பளபளக்கும் ஓடு பதித்த புதுக் கழிவறை ஒன்று கட்டிக் கொடுத்தார்கள். தலைமையாசிரியை சுலோசனா பொல்லாதவர் அல்லர். பள்ளி பிழைக்க வேண்டுமே என்று பயந்தவர். அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை அது புத்தம்புதிதாகவே இருக்கட்டும் என்று பூட்டச் சொன்னார். சாவி அம்மையாரின் இடுப்புக்கு வந்தது. அம்மையாரும் சொன்னபடியே செய்தார். பிள்ளைகள் கால் படாத தரையை நாள்தோறும் துடைத்துத் துடைத்துப் பூட்டினார்.

பார்வையிடும் நாளன்று அதிகாரிகள் காலையிலேயே வருவதாகச் சொன்னார்கள்; உச்சிவேளை தாண்டியும் காணோம். பூத்தட்டு ஏந்தி வாசலில் நின்ற பிள்ளைகளில் ஜெசிந்தா என்ற எட்டாம் வகுப்புப் பெண்ணும் இருந்தாள். அவள் முகம் வெளுத்துப்போய், வரிசையை விட்டு அம்மையாரிடம் வந்தாள்.

"ஆயா, கொஞ்சம் தொறந்து வுடு ஆயா. வயிறு வலிக்குது."

"ஆபீசருங்க வந்துட்டுப் போயிரட்டும் கண்ணு. தரை ஈரமாயிரும்."

பிள்ளை திரும்பிப் போய் நின்றாள். கார் வந்து நின்றபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. ஜெசிந்தாவின் பாவாடையெல்லாம் கறை. தட்டைப் போட்டுவிட்டு ஓடியவள், பிறகு பள்ளிப் பக்கமே வரவில்லை.

வந்த அதிகாரி கழிவறையைச் சுற்றிப் பார்த்தார். "இவ்வளவு சுத்தமா நான் எங்கேயும் பார்த்ததில்லை" என்றார். "எல்லாம் எங்க ஆயா கைவேலை" என்று சுலோசனா அம்மையாரை முன்னே தள்ளிவிட்டார். அந்தப் பாராட்டு அம்மையார் மேல் கொதிநீராய் விழுந்தது. தெரியாத பெண்ணிடமும் செல்லி என்று சொல்லும் வாய், வாசலில் வந்து கேட்டவளிடம் மட்டும் கண்ணு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டதே என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அன்று முதல் அவர் கோயில் இருந்த பக்கம் போகவில்லை. சூலம் கண்ணில் பட்டுவிடுமோ என்று கால்வாய்க்கரையைச் சுற்றி வீட்டுக்குப் போனார். சோறு இறங்கவில்லை. கடைசியில் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு ஜெசிந்தாவின் வீட்டு வாசலில் போய் நின்றார். தாய் பிலோமினா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பிள்ளை திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை.

"என்னை நாலு வார்த்தை திட்டும்மா" என்றார் அம்மையார்.

"உன்னைத் திட்டி எனக்கு இன்னா ஆவப் போவுது?" என்றாள் பிலோமினா, தலை நிமிராமலே. "பொம்பளப் புள்ள படிக்கிற எடத்துல தாப்பா உள்ளார இருக்கணும். பூட்டு வெளில இருக்கக் கூடாது. அந்த மாதிரி பள்ளிக்கூடம் இருந்தா சொல்லு, அனுப்பறேன்."

செல்லியம்மன் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. வம்பு வழக்கில் சிக்கியவர்கள், பகைவன் வாயை அடைக்க வேண்டியவர்கள், வெளிவாசல் கம்பிக் கதவில் ஒரு பூட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை அங்குள்ள உண்டியலில் போடுவார்கள். அங்கே தொங்கும் பூட்டு அம்மனுடையது. அதை எந்த மனிதக் கையும் தொடாது. மறு வெள்ளிக்கிழமை பாளையத்தம்மாள் பள்ளிப் பூட்டைக் கழற்றிக்கொண்டு போய், தலைகுனிந்தபடி அந்தக் கம்பியில் பூட்டிவிட்டு, சாவியையும் உண்டியலில் போட்டார். பிறகு திரும்பி வந்து, புழங்காமல் இறுகிக் கிடந்த உள் தாழ்ப்பாள்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டார்.

செய்தி பள்ளியெங்கும் பரவியது. "ஸ்கூல் பூட்டைக் கொண்டுபோய்க் கோயில்ல மாட்டினியா? உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?" என்று சுலோசனா சீறினார்.

"நான் பூட்டின பூட்டு டீச்சர். அவகிட்டயே குடுத்துட்டேன்."

அன்றே வேலை போயிற்று. புதிய பூட்டு ஒன்று வந்தது. அதன் சாவியைத் தலைமையாசிரியை தம் கைப்பையிலேயே வைத்துக்கொண்டார். அம்மையார் வீடுகளில் பாத்திரம் தேய்த்துக் கஞ்சி குடித்தார். தம்மை நொந்தாரே தவிர எவரையும் நோகவில்லை.

ஆடி பிறந்தது. செல்லியம்மன் பல்லக்கில் வீதியுலா வந்தாள். பள்ளியின் பின்சுவரை நெருங்கியதும் பல்லக்கு நின்றது. சுமந்தவர்கள் தோளில் பாறையாய் அழுத்தினாளாம். அடியெடுத்து வைக்க முடியவில்லை. மேளம் ஓய்ந்தது. தேங்காய் உடைத்தார்கள், எலுமிச்சை அறுத்தார்கள். அவள் அசையவில்லை.

"இந்தச் செவுத்துக்கு அந்தாண்ட இன்னா இருக்குது?" என்று பூசாரி கேட்டார்.

"கக்கூஸ் சாமி" என்றான் ஒருவன். சிரிக்க நினைத்தவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

தாம்பாளத்தோடு கூட்டத்தில் நின்ற சுலோசனாவின் முகம் கறுத்தது. தாம்பாளத்தை யாரிடமோ கொடுத்துவிட்டு உள்ளே நடந்தார். கைப்பையிலிருந்த சாவியால் பூட்டைத் திறந்தார். கழற்றிய பூட்டோடு எல்லோர் முன்னும் வந்து நின்று, "பூட்டச் சொன்னது நான். அந்தம்மா இல்லை" என்றார். அப்போதும் பல்லக்கு அசையவில்லை.

பாளையத்தம்மாள் எங்கே என்று தேடினார்கள். கூட்டத்தின் கடைசியில் முந்தானையால் முகத்தை மூடி நின்றிருந்தார். பூசாரி அம்மன் கழுத்து மாலையைக் கொண்டுவந்தபோது பின்வாங்கினார். "தள்ளி நில்லு சாமி. நான் அவளை வாசல்லயே நிக்க வெச்சவ."

அப்போது பிலோமினாவின் பின்னாலிருந்து ஜெசிந்தா மெல்ல முன்னே வந்தாள். அம்மையார் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"ஆயா, தாப்பா உள்ளார இருக்குதா?"

அம்மையார் முகத்திலிருந்து முந்தானையை விலக்கினார். "இருக்குது செல்லி" என்றார்.

அந்தச் சொல் வாயை விட்டு வந்ததும் பல்லக்கு பூக்கூடைபோல் எழும்பியது என்று சுமந்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். மாலையை அவர் கழுத்தில் போட்டது பூசாரி அல்ல, அந்தப் பிள்ளை.

பாளையத்தம்மாள் மறுநாளே பள்ளிக்குத் திரும்பினார், ஜெசிந்தாவும் வந்தாள். செல்லியம்மன் கோயில் கம்பியில் அவர் பூட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பூட்டும் தொங்குகிறது; அது சுலோசனா பூட்டியது. அடைத்த கதவைக் கண்டு தம்மையே நாணிய அந்த அம்மையாரின் அடிகள், நம் பிள்ளைகள் நடக்கும் இடமெல்லாம் முன்னே நடக்கட்டும்.