நிலவு முழுசாகும் முன்னே முடிந்த மாதம்

கல்லாற்றங்காட்டில் சிலுப்பி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. கோபம் வந்தால் அதன் முதுகு முட்கள் எல்லாம் விறைத்துக்கொண்டு நிற்கும். கொஞ்ச காலமாக அவை படுத்ததே இல்லை!

ஏன் என்கிறீர்களா? எல்லாம் சேதி கொண்டுபோகும் பறவைகளால் வந்த வினை.

கல்லாறு அந்தக் காட்டை இரண்டாகப் பிரித்து ஓடியது. சிலுப்பி இக்கரையில் இருந்தது. அதன் ஒரே மகள் பூமுள் அக்கரை மணல் திட்டில் வளை தோண்டிக் குடியிருந்தது. மழைக்காலத்தில் அந்த ஆற்றைக் கடக்க யானைகூட யோசிக்கும். தாயும் மகளும் பேசிக்கொள்ள வேண்டுமானால் பறவையிடம்தான் சொல்லி அனுப்ப வேண்டும்.

முன்பு அந்த வேலையை மூன்று பேர் செய்தார்கள். மரங்கொத்தி, காகம், மைனா. காகமும் மைனாவும் பறந்துபோய்ச் சொல்லும். மரங்கொத்திக் கூட்டமோ மரத்துக்கு ஒன்றாக உட்கார்ந்து, அலகால் தட்டித் தட்டியே சேதியைக் கடத்தும். ஒரு தட்டு என்றால் நலம். இரண்டு என்றால் புறப்பட்டு வா. நான்கு என்றால் வெள்ளம் வருகிறது, மேட்டுக்கு ஓடு! அந்தக் காட்டுக் குட்டிகள் நடை பழகும்போதே இதையும் பழகிவிடும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பத்து அத்திப்பழம் கூலி. மூன்று பேரிடமும் அதே கூலிதான். ஒருவர் ஏற்றினால் வாடிக்கை அடுத்தவரிடம் போய்விடுமே!

ஒரு நாள் காகம் ஆலமரத்து உச்சியில் ஏறிக் கத்தியது.

"இனிமேல் ஆறு மாதத்துக்குச் சேதி இலவசம்! எல்லாமே இலவசம்! கா! கா!"

கேட்கவா வேண்டும்! முயல் ஓடியது. மான் ஓடியது. நரி விழுந்தடித்துக்கொண்டு ஓடியது. மைனா பதறிப்போய், "நானும் இலவசம்!" என்றது. மரங்கொத்திக்குப் பெரிய குடும்பம். பழம் வராமல் எத்தனை நாள் மரத்தைத் தட்டிக்கொண்டிருக்கும்? கூட்டம் கலைந்தது. பெரிய மரங்கொத்தி கிழக்கே வறண்ட கரட்டுக்குப் போய்விட்டது.

சிலுப்பியும் காகத்திடம் போனதுதான். "ஊரே ஓசியில் பேசும்போது நான் மட்டும் பத்துப் பழம் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா?" என்று அன்றைக்குப் பெருமையாகச் சொன்னதும் அதுதான். இன்றைக்கு அதை ஞாபகப்படுத்திவிடாதீர்கள். முள் குத்தும்.

ஆறு மாதம் முடிந்தது. அத்தோடு இலவசமும் முடிந்தது. கூலி பதினைந்து பழம் ஆனது. அடுத்த மழைக்கு இருபது. இப்போது முப்பது!

பூமுள்ளுக்கு அது தலைப்பிரசவ நேரம். ஒரு நாள் முழுக்க மகளிடமிருந்து சேதியே இல்லை. மறுநாள் விடிந்ததும் சிலுப்பி ஆலமரத்தடிக்கு ஓடியது.

"காக்கா அண்ணே, என் பொண்ணுகிட்டேயிருந்து ஏதாவது சேதி வந்துச்சா?"

"வந்துச்சே! நேற்று ரெண்டு சேதி வந்துச்சு," என்றது காகம்.

"அப்புறம் ஏன் சொல்லலே?"

"உன் மாதம் முடிஞ்சுபோச்சு. மாதம் முடிஞ்சா போற சேதியும் கிடையாது, வர்ற சேதியும் கிடையாது."

"பௌர்ணமி நாளைக்குத்தானே! நேற்று சாயங்காலம் மேகம் விலகினப்போ பார்த்தேன். நிலா இன்னும் ஓரம் பிட்ட தோசை மாதிரிதானே இருக்கு?"

"நிலாவோட கணக்கு வேற, எங்க கணக்கு வேற. எங்களுக்கு இருபத்தெட்டு நாள்தான் மாதம். முப்பது பழம் கொண்டா. சேதியோட தினமும் ரெண்டு குயில் பாட்டு, ஒரு மயில் ஆட்டம் எல்லாம் உண்டு!"

"எனக்குப் பாட்டும் வேணாம், ஆட்டமும் வேணாம். என் பொண்ணு எப்படி இருக்கான்னு தெரிஞ்சா போதும்!"

"அப்படித் தனியாப் பிரிச்சுத் தர்ற வழக்கம் இல்லை," என்று காகம் இறகைக் கோதத் தொடங்கியது.

சிலுப்பிக்கு முள் விறைத்தது. "உன்னை விட்டா ஆளில்லையா?" என்று மைனாவிடம் போனது.

மைனா வாய் நிறையச் சிரித்தது. "வாங்க, வாங்க! முப்பதே முப்பது பழம். ரெண்டு குயில் பாட்டு, ஒரு மயில் ஆட்டம்!"

"அந்தக் காகமும் இதையேதான் சொல்லுது. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா?"

"சேச்சே! நாங்க பேசிக்கிறதே இல்லை. அவர் ஏத்தினா நானும் ஏத்துவேன். அவ்வளவுதான்."

ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்! சிலுப்பி பல்லைக் கடித்துக்கொண்டு சிங்க ராஜாவின் குகைக்கு நடந்தது.

சிங்கம் கொட்டாவி விட்டபடி எல்லாவற்றையும் கேட்டது. "கரடி தலைமையில் கமிட்டி போட்டிருக்கிறேனே! கரடி தூங்குகிறது. எழுந்ததும் விசாரிக்கும்," என்றது. "அதோடு, இரண்டு பேர் தொழில் செய்கிறார்கள். போட்டி நன்றாகத்தானே நடக்கிறது?"

"ரெண்டு பேரும் ஒரே பாட்டைப் பாடினா அது போட்டியா ராஜா, கச்சேரியா? நீங்க எத்தனை பழம் கொடுக்கறீங்க?"

சிங்கம் தொண்டையைக் கனைத்தது. "எனக்கா? எனக்கு அவர்கள் சும்மாதான் கொண்டுவருகிறார்கள். அன்பானவர்கள்!"

இதற்கு மேல் அங்கே நின்று என்ன புண்ணியம்? சிலுப்பி குகையை விட்டு வெளியே வந்தது. அப்போதுதான் மலைப்பக்கத்திலிருந்து ஒரு குரங்கு கிளைக்குக் கிளை தாவி, அலறிக்கொண்டு வந்தது.

"மலையில மேல்மடுவோட கரை உடைஞ்சுபோச்சு! தண்ணி வருது! பொழுது சாயறதுக்குள்ள மணல் திட்டு முழுகிடும்!"

மணல் திட்டு! வளைக்குள் பிள்ளைத்தாய்ச்சி மகள். தலைக்கு மேலே தண்ணீர் வரும் வரைக்கும் அதற்கு ஒன்றும் தெரியாதே!

சிலுப்பி தன் வளைக்கு ஓடி, இருந்த அத்திப்பழத்தை எல்லாம் வழித்து அள்ளியது. மொத்தம் இருபத்துநாலு. அவற்றை ஆலமரத்தடியில் கொண்டுபோய்க் கொட்டியது. அங்கே காகம் வேலைக்கு வைத்திருந்த கிளி உட்கார்ந்திருந்தது.

"கிளியே, காக்காவைக் கூப்பிடு! வெள்ளம் வருதுன்னு என் பொண்ணுக்குச் சொல்லணும்!"

"உங்கள் சேதி எங்களுக்கு மிகவும் முக்கியம். தயவுசெய்து காத்திருங்கள்," என்றது கிளி.

"அவ செத்துடுவாடி!"

"உங்கள் சேதி எங்களுக்கு மிகவும் முக்கியம். தயவுசெய்து காத்திருங்கள்."

சிலுப்பி போட்ட கூச்சலில் காகமே இறங்கி வந்தது. பழங்களை எண்ணியது. "ஆறு குறையுது. இதை இங்கேயே வச்சிட்டுப் போ. மீதியைக் கொண்டுவந்தா மாதம் ஆரம்பிக்கலாம்," என்றது.

"இப்போ போய்ச் சொல்லு அண்ணே, ஆறையும் நாளைக்குத் தந்துடறேன்! இல்லேன்னா என் பழத்தையாவது திருப்பிக் கொடு!"

"கொடுத்தது கொடுத்ததுதான். திருப்பித் தர்ற வழக்கம் இல்லை."

சிலுப்பி அந்த இடத்தில் அழவில்லை. அழ நேரம் ஏது? திரும்பிப் பார்க்காமல் கிழக்கே கரட்டை நோக்கி ஓடியது. கல்லிலும் முள்ளிலும் விழுந்து எழுந்து ஓடியது.

கரட்டின் ஒற்றை மரத்தில் பெரிய மரங்கொத்தி இருந்தது. இளைத்துப்போயிருந்தது. சிலுப்பியைப் பார்த்ததும், "அடடே, வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டது.

"அண்ணே, என் கையில ஒரு பழம்கூட இல்லை. பூமுள் மணல் திட்டில் இருக்கா. வெள்ளம் வருது. நீதான் தட்டணும்!"

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா? என் கூட்டமே சிதறிக் கிடக்கு. நடுவில தட்ட ஆளில்லை. யாரால?"

"எங்களாலதான். என்னாலயும்தான். ஓசிக்கு ஆசைப்பட்டு உன்னை விட்டுட்டுப் போனேன். திட்டணும்னா வர்ற வழியில திட்டிக்கோ. இப்போ கிளம்பு!"

மரங்கொத்தி கிளம்பியது. வழிநெடுகத் திட்டிக்கொண்டேதான் பறந்தது. சிலுப்பி அத்தனை வசவையும் கேட்டுக்கொண்டே பின்னால் ஓடியது.

ஆற்றோரத்தில் ஒரு பட்டுப்போன வேங்கை மரம் நின்றது. உள்ளே பொந்து விழுந்த மரம். தட்டினால் முரசு மாதிரி அதிரும். "அக்கரையில என் மச்சான் ஒருத்தன் இன்னும் இருக்கான். காதில் விழுந்தா உன் அதிர்ஷ்டம்," என்று சொல்லிவிட்டு மரங்கொத்தி தட்டத் தொடங்கியது.

டக்! டக்! டக்! டக்!

ஆறு இரைந்தது. பதில் இல்லை. மறுபடி நான்கு தட்டு. மறுபடி நான்கு. தண்ணீர் கலங்கலாக ஏறிக்கொண்டே வந்தது. மரங்கொத்தியின் அலகோரத்தில் ரத்தம் கசிந்தது. "நிறுத்தாதே அண்ணே!" என்று சிலுப்பி கதறியது.

அப்போது அக்கரைக் காட்டிலிருந்து மெல்லக் கேட்டது. டக், டக், டக், டக். மச்சான் சேதியை வாங்கிவிட்டான்!

பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணல் திட்டு இருந்த இடம் தெரியாமல் முழுகியது.

டக்!

ஒரு தட்டு. நலம்! உடனே சின்னதாக இன்னும் மூன்று.

"மூணு தட்டா? அப்படி ஒண்ணு கிடையாதே அண்ணே, என்ன அர்த்தம்?"

மரங்கொத்தி முதல் தடவையாகச் சிரித்தது. "மூணு குட்டி, அக்கா! மூணையும் தூக்கிக்கிட்டு மேட்டுக்குப் போயிட்டா!"

சிலுப்பி அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதது. நேற்றே வந்த சேதி அல்லவா அது! முப்பது பழத்துக்காகக் காகம் வாய்க்குள் வைத்துப் பூட்டிய சேதி அல்லவா!

நடந்தது காடெங்கும் பரவியது. மறுநாள் எல்லாரும் பழத்தோடு வேங்கை மரத்தடியில் கூடினார்கள். "பழைய மாதிரியே பத்துப் பழம். கூட்டத்தை எல்லாம் கூப்பிடு!" என்றார்கள்.

காகம் சும்மா இருக்குமா? ஆலமரத்து உச்சியில் ஏறியது. "மூன்று மாதம் இலவசம்! எல்லாமே இலவசம்! கா! கா!"

அவ்வளவுதான்! எல்லாத் தலையும் ஆலமரத்துப் பக்கம் திரும்பியது. முயல் ஒரு காலை எடுத்தே வைத்துவிட்டது. சிலுப்பி பாய்ந்து வழியை மறித்தது.

"நில்லுங்க! உங்களுக்கெல்லாம் வெட்கம்னு ஒண்ணு இருக்கா? மூணு மாதம் கழிச்சு இலவசம் முடியற அன்னைக்கு, இந்த மரங்கொத்தி இங்கே இருக்கணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க!"

மான் நின்றது. குரங்கு நின்றது. பாதிக் காடு தலையைக் குனிந்துகொண்டு பழத்தை வைத்தது. முயலும் நரியும் மற்றவர்களும் முள்ளுக்குப் பயந்து சுற்றுவழியாக ஓடின. ஓசி என்றால் சிலருக்குக் கால் நிற்காது, என்ன செய்வது!

பாதிக் காட்டின் பழம் போதுமானதாக இருந்தது. மரங்கொத்திகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து மரத்துக்கு மரம் உட்கார்ந்தன. மூன்று மாதம் முடிந்தது. காகம் புதுக் கூலியைச் சொல்ல உச்சியில் ஏறி, "முப்பத்து..." என்று வாயைத் திறந்தது. வேங்கை மரத்திலிருந்து டக் டக் என்று சத்தம் கேட்டது. காகம் அலகை மூடிக்கொண்டு கொஞ்சம் யோசித்தது.

"பத்து," என்றது. மைனாவும் உடனே, "பத்து," என்றது.

"பௌர்ணமிக்குப் பௌர்ணமியா?" என்று கீழே நின்று சிலுப்பி கேட்டது.

"பௌர்ணமிக்குப் பௌர்ணமிதான்," என்று காகம் முணுமுணுத்தது.

பக்கத்தில் நின்ற முயல் துள்ளிக் குதித்தது. "பார்த்தியா சிலுப்பி! காக்காவுக்கு எவ்வளவு நல்ல மனசு! தானாவே குறைச்சுடுச்சு! நீதான் அநாவசியமா மூணு மாதம் பழத்தைக் கொட்டிக் கொடுத்தே!"

சிலுப்பியின் முட்கள் மறுபடியும் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.

ஓசிக்கு ஆசைப்பட்டு ஒருவரை ஒழித்துக்கட்டினால், மிச்சமிருப்பவர் வைத்ததுதான் விலை.