மிச்ச மருந்து

இந்த வழக்கில் தீர்ப்பு உங்களுடையது. ஆகவே ஒவ்வொருவர் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் கவனியுங்கள்.

கடல் சூடேறிப் பெரியபார் வெளுக்கத் தொடங்கிய ஆண்டு அது. பவளப்பாறையை அந்தக் கரையில் பார் என்பார்கள். மீனும் பாசியும் பாசியெடுக்கும் பெண்களும் அதை நம்பியே பிழைத்தார்கள். பவளம் வெப்பம் தாங்க உதவும்படி மரபணு மாற்றிய நுண்ணுயிர் ஒன்றை ஆய்வாளர் வேதநாயகி உருவாக்கியிருந்தாள். பெரியபாரில் மட்டும் விட அனுமதி கிடைத்தது. வேறெங்கும் பரவினால், அது இருக்கும் இடமெல்லாம் நுண்ணுயிர்க்கொல்லி ஊற்ற வேண்டும் என்பது நிபந்தனை. பாரும் சேர்ந்தே சாகும். ஊராரின் சம்மதமும் தேவை.

ஊர்க்கூட்டத்தில் 'கிருமி' என்ற சொல் வேதநாயகியின் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போயிற்று. பாருக்கு மருந்து விடப்போவதாகச் சொன்னாள். பாசியெடுக்கும் பெண்களின் தலைவி பஞ்சவர்ணம் முதலில் கை தூக்கினாள், மற்றவர்களும் தூக்கினார்கள்.

படகோட்டி சவேரியான் மட்டும், மருந்துக் கேன்களில் வேதநாயகி சர்க்கரைக் கரைசல் ஊற்றுவதைப் பார்த்துவிட்டான். "மருந்துக்கு எதுக்கும்மா சாப்பாடு?" என்றான். அவள் உண்மையைச் சொல்லி, யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்கு வாங்கிக்கொண்டாள்.

பெரியபார் நிறம் திரும்பியது. வேதநாயகி ஊரில் இல்லாத ஒரு நாள், பஞ்சவர்ணம் மீந்திருந்த கேனோடு சவேரியானின் படகில் ஏறி, பக்கத்திலிருந்த சின்னப்பாருக்குப் படகை விடச் சொன்னாள். வேண்டாம் என்றான். ஏன் என்று கேட்டாள். கொடுத்த வாக்கை மீற அவனுக்கு மனம் வரவில்லை. படகை எடுத்தான். சின்னப்பாரில் அவள் கேனைக் கவிழ்த்தாள்.

சின்னப்பாரிலும் அந்த நுண்ணுயிர் இருப்பது தெரிந்து விசாரணைக் குழு வந்தது. இரண்டு பாருக்கும் கொல்லி என்று அறிக்கையில் எழுதியாயிற்று. யாரால் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. பஞ்சவர்ணம் ஒளிக்கவில்லை. "சின்னப்பாரும் வெளுத்துக் கெடந்துச்சுய்யா. எம் புள்ளைக்கு வாங்கின காய்ச்சல் மருந்து மிஞ்சினா, பக்கத்து வீட்டுப் புள்ளைக்குக் குடுக்க மாட்டனா?"

"தெரிஞ்சே படகு விட்டவன் நான்," என்றான் சவேரியான்.

வேதநாயகி மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெரியாமல் ஊற்றியவள், தெரிந்தும் வாக்குக்காக வாய் மூடியவன், நல்லது நினைத்துச் சொல்லை மாற்றியவள். இவர்களில் வெட்கப்பட வேண்டியவர் யார்?

விடை: பஞ்சவர்ணம் மருந்தை மருந்தாகவே நடத்தினாள், அவள்மேல் பிழையில்லை. சவேரியானுக்குக் கொஞ்சம் வெட்கம் உண்டு. இன்ஜின் ரிப்பேர் என்று சொல்லத் தெரியாத படகோட்டி எந்தக் கரையிலும் கிடையாது. பெரும்பங்கு வேதநாயகிக்கே. மருந்து என்ற சொல் நம் மொழியில் குணப்படுத்தும், சமயத்தில் கொல்லவும் செய்யும்; குட்டி மட்டும் போடாது. விசாரணையில் வேதநாயகி எழுந்து, அது மருந்தில்லை, உயிருள்ள கிருமி என்றபோது பஞ்சவர்ணம் கோபிக்கவில்லை. "மொதல்லயே சொல்லியிருந்தா, வேணாம்னா சொல்லியிருப்போம் தாயி?" என்று மட்டும் கேட்டாள்.