வழியனுப்பு மேளம்

வெகு காலத்துக்கு முன்னால் வெள்ளாற்று நாட்டை வளவமாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டான் என்பதைவிட, அவனுக்குத் தோன்றியதையெல்லாம் நாடு தாங்கிக்கொண்டிருந்தது என்பதுதான் சரி. ஒரு நாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவனுக்குக் காசிக்குப் போக வேண்டும் என்று தோன்றிவிட்டது. குளித்து முடிப்பதற்குள் புறப்பாடு நிச்சயமாகிவிட்டது. போய்த் திரும்ப ஓராண்டுக்கு மேல் ஆகும். அதுவரை நாட்டை யார் பார்த்துக்கொள்வது?

மந்திரி கூத்தபிரான் இருக்கிறாரே என்பீர்கள். வழியில் யோசனை சொல்ல ஆள் வேண்டும் என்று ராஜா அவரையும் மூட்டை கட்டச் சொல்லிவிட்டான். பிறகு, 'ஆட்சி அனுபவம் உள்ளவர்கள் வரலாம்' என்று ஊரெல்லாம் தண்டோரா போடச் சொன்னான். வந்தார்கள் பாருங்கள்! ராஜாவுக்கு விசிறி வீசுகிறவன் வந்து, அரியணைக்கு இவ்வளவு பக்கத்தில் வேறு யார் நின்றிருக்கிறார்கள் என்று கேட்டான். ஆஸ்தானப் புலவர் வந்து, செங்கோலைப் பற்றித் தாம் பாடியதையே அனுபவமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். இரண்டு பேரிடமும் ராஜா யோசிப்பதாகச் சொன்னான். மந்திரி தலையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியில் நிஜமாகவே அதிகாரம் பார்த்தவர்கள் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். ஒருவர் ஏகாம்பர ராயர். மந்திரியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. சின்ன ஊர், பெரிய ஊர், துறைமுகம் என்று அதிகாரியாக ஏறி ஏறி அரண்மனை வரை வந்துவிட்டவர். இன்னொருவர் நெடுங்கரை என்ற ஊரின் அதிகாரி தேவநாதர். தலை நரைத்த பிறகும் அதே ஊர், அதே பதவி.

"நான் விட்டுவந்த ஒவ்வொரு ஊரும் என்னை மேளதாளத்தோடு வழியனுப்பியது, மகாராஜா. மாலை போட இடமில்லாமல் என் குதிரைக்கும் போட்டார்கள். இவருக்கு யாராவது ஒரு பூ போட்டதுண்டா?" என்றார் ராயர்.

தேவநாதர் யோசித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்று ஒப்புக்கொண்டார். ராஜாவுக்கு அது போதும். விரலிலிருந்த முத்திரை மோதிரத்தை அங்கேயே கழற்றத் தொடங்கிவிட்டான். அது ராயர் கைக்குப் போய்விட்டால், ராஜா திரும்பும் வரை கேட்பாரில்லாமல் நாடு முழுக்க அவர் வைத்ததுதான் சட்டம். நல்லவேளை, மோதிரம் விரலில் இறுகியிருந்தது.

"விளக்கெண்ணெய் போட்டு மெதுவாகக் கழற்றலாம், மகாராஜா. அதற்குள் அனுபவத்துக்குச் சாட்சியையும் விசாரித்துவிடுகிறேன்," என்றார் மந்திரி. ராயர் தாராளமாகச் சம்மதித்தார். அவருக்குத்தான் ஊருக்கு ஊர் மேளம் அடித்திருக்கிறார்களே.

மந்திரி இரண்டு ஊர்களுக்கு ஆள் அனுப்பினார். ராயர் முன்பு அதிகாரம் பார்த்த கொடிக்கால்பட்டியில், அவர் மறுபடி அங்கேயே அதிகாரியாக வரக்கூடும் என்று தண்டோரா போட்டார்கள். நெடுங்கரையில், தேவநாதரைத் தலைநகரத்துக்கு எடுத்துக்கொள்ளக்கூடும் என்று போட்டார்கள்.

முதலில் வந்து சேர்ந்தது கொடிக்கால்பட்டி. பாதிச் சனம் ஊரையே காலி செய்துகொண்டு பாத்திரம் பண்டத்தோடு வந்திருந்தது. வெற்றிலை வியாபாரம் செய்யும் அங்கம்மாள் நேரே ராஜாவின் காலில் விழுந்தாள்.

"மகாராசா, அந்தப் புண்ணியவானை எங்க வேணா வையுங்க, எங்க ஊருக்கு மட்டும் அனுப்பாதீங்க. இன்னொரு மேளம் வேணும்னா சொல்லுங்க, கடன் வாங்கியாவது வைக்கிறோம்."

ராஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பிடிக்காதவருக்கு எதற்கம்மா மேளம் வைத்தீர்கள் என்று கேட்டான்.

"போறாரேன்னுதான் சாமி. மத்தியானம் அவர் தூக்கம் கெடுதுன்னு சந்தையைச் சுடுகாட்டுப் பக்கம் மாத்தினாரு. யாரு வந்து வெத்தலை வாங்குவா? எப்படியாவது போனாப் போதும்னு, ரொம்பப் பெரிய மனுசரு, மேல ஏத்துங்கன்னு நாங்கதான் ஓலை எழுதினோம். அனுபவம் அனுபவம்னு சொல்றாங்களே, அனுபவிச்சது நாங்கல்ல?"

ராயர் வாயைத் திறந்தார். மந்திரி முந்திக்கொண்டு ராஜாவின் பக்கம் திரும்பினார். "ஒவ்வொரு ஊராரும் இவரை இப்படியே தள்ளிவிட்டு, மகாராஜா, தங்கள் மடி வரைக்கும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். நாட்டையே இவரிடம் கொடுத்துவிட்டால், அப்புறம் இவரை ஏற்றிவிட மேலே எந்த ஊர் இருக்கிறது? வைகுண்டம்தான்."

அந்த நேரம் வாசலில் கூச்சல். நெடுங்கரைக்காரர்கள் கம்பும் தடியுமாக வந்துவிட்டார்கள். தலைநகரத்திலிருந்து ஓலை வந்தபோதெல்லாம், தேவநாதரை அனுப்ப முடியாது என்று எழுதிப் போட்டவர்கள் இவர்கள்தான். மாரப்பன் என்ற குடியானவர் முன்னால் நின்றார்.

"சண்டைன்னு போனா எங்க ஐயா முதல்ல மோரு குடுப்பாரு. குடிச்சு முடிக்கிறதுக்குள்ள பாதிக் கோவம் போயிரும். மீதிக்குத்தான் தீர்ப்பு. அவரைத் தர முடியாது."

"நான் ராஜா ஐயா! நான் கேட்கிறேன்!" என்று கத்தினான் வளவமாறன்.

ஊரார் ஒதுங்கி நின்று கூடிப் பேசினார்கள். பிறகு மாரப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ராஜா காசியிலிருந்து வரும்வரைக்கும் இரவலாகத் தருகிறோம், வந்ததும் பத்திரமாகத் திருப்பிவிட வேண்டும் என்றார். ராஜாவுக்கு வேறு வழியில்லை. விளக்கெண்ணெயும் தன் வேலையைச் செய்திருந்தது. மோதிரம் தேவநாதர் கைக்குப் போயிற்று. மந்திரிக்குத் தன் கழுத்திலிருந்த முத்துமாலையைப் போட்டான் ராஜா.

ராயரை என்ன செய்வது? எந்த ஊரும் ஏற்கவில்லை. சரி, மூட்டை தூக்கிக்கொண்டு எங்களோடு காசிக்கு வரட்டும் என்று ராஜா சொல்லிவிட்டான்.

புறப்பட்ட அன்று தலைநகரமே தெருவில் நின்றது. வெள்ளாற்று நாடு அதுவரை கேட்டிராத மேளம், யானைக்குக்கூட மாலை. ராஜா முகம் மலர்ந்து கையசைத்துக்கொண்டே வந்தான். கோட்டை வாசலைத் தாண்டும்போது கை பாதியில் நின்றது.

"மந்திரி, இவ்வளவு மேளமும் ராயர் போகிறார் என்பதற்காகத்தானே?"

கூத்தபிரான் மேளக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் வியர்க்க வியர்க்க அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கும் அதுதான் தெரியவில்லை, மகாராஜா," என்றார்.