மஞ்சள் துணியில் முடிந்த காசு

வேங்கைக்குன்று முருகன் கோயில் அன்னதானக் கூடத்தில் எச்சில் இலை எடுத்து வந்தவர் வேலாத்தாள் அம்மையார். பந்தி எழுந்ததும் கூடையோடு உள்ளே நுழைவார். ஒவ்வோர் இலையை எடுக்கும்போதும் வாய்க்குள் "முருகா" என்பார். தரையைக் கழுவிவிட்டு மலையேறுவார். சாமியைக் கும்பிடாமல் ஒருநாளும் அவர் சோற்றில் கை வைத்ததில்லை. அவருடைய தாயாரும் அதே கூடையைச் சுமந்தவர்தான்.

சிறு குழந்தையாக இருந்தபோது அம்மையாருக்கு மஞ்சள் காமாலை கண்டது. "எம்புள்ள பொழச்சா உனக்கு வெள்ளியில வேல் சாத்தறேன் சாமி" என்று தாயார் வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தது. அன்றிலிருந்து கூலியில் மிஞ்சியதையெல்லாம் மஞ்சள் துணியில் முடிந்து வைத்தார். வேல் செய்யும் அளவுக்குச் சேருமுன் நோயில் விழுந்தார். கண்ணை மூடுவதற்கு முன் அந்த முடிப்பை மகள் கையில் கொடுத்து, "இதை மட்டும் தொட்டுராத கண்ணு. உன் உசுருக்குப் பேசுன காசு" என்றார்.

இனி அம்மையார் படிக்கப் போன கதைக்கு வருகிறேன். வயதான தாயையோ தகப்பனையோ பந்தியில் உட்கார வைத்து, "செருப்பை விட்டுட்டு வந்தர்றேன்" என்று போகும் பிள்ளைகள் சிலர் திரும்பி வருவதேயில்லை. இப்படியும் பெற்றிருக்கிறார்களே, என்ன செய்ய. எல்லாரும் எழுந்து போன பிறகும் அந்தக் கிழவர்கள் இலையைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அம்மையார் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அழுவார். அழத் தெரிந்ததே தவிர, எந்த அலுவலகத்துக்குப் போவது, ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது, மிரண்டு போன மனசோடு எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. இதையெல்லாம் சொல்லித்தரும் சமூகப்பணிப் படிப்பு ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டதும், தபால் வழியில் பி.ஏ. முடித்திருந்த அவர் பக்கத்து நகரத்துக் கல்லூரியில் சேர்ந்தார். பகலெல்லாம் வகுப்பு, சாயங்காலப் பந்திக்கு இலை.

முதல் வருடம் உதவித்தொகையில் ஓடிவிட்டது. இரண்டாம் வருடம் அது வரவேயில்லை. கட்டணம் கட்டாவிட்டால் தேர்வெழுத முடியாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அம்மையார் கம்மலை விற்றார், போதவில்லை. கூடத்து மேற்பார்வையாளர் சிவசாமியிடம் முன்பணம் கேட்டார்.

"எலை எடுக்கறதுக்கு எதுக்கு அம்மிணி பெரிய படிப்பு?" என்று அவர் சிரித்தார்.

கெடு முடியும் நாளன்று காலையில், அம்மையார் முருகன் படத்தின் முன் உட்கார்ந்து அழுதுகொண்டே முடிச்சை அவிழ்த்தார். கட்டணத்தைக் கட்டிவிட்டு வந்து, வெறுமையான துணியைத் துவைத்து மடித்துப் படத்தடியில் வைத்தார். அன்று முதல் மலையேறவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஏறுவது?

காசு ஏது என்று சிவசாமி கேட்டபோது அவர் மறைக்கவுமில்லை. "சாமி காசுல படிச்ச படிப்பு வெளங்குமா?" என்று சிவசாமி பந்தி நடுவே கேட்டார்.

"நீங்க சொல்றது நெசந்தானுங்க" என்று சொல்லிவிட்டு அம்மையார் அடுத்த இலையை எடுத்தார்.

பட்டம் வாங்கினார். வேலையும் கிடைத்தது. அடிவாரத்தில் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, கைவிடப்பட்ட முதியவர்களை வைத்துப் பார்த்துக்கொண்டார். பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, பேசிப் பேசி, பலரை வீடு சேர்த்தார். வேலுக்கென்று மறுபடியும் காசு சேர்ப்பார். ஒருவரை ஊர் கொண்டுபோய்விட வண்டிச் சத்தத்துக்குக் காசு வேண்டியிருக்கும். இன்னொருவரை நல்லபடியாக அடக்கம் செய்ய வேண்டியிருக்கும். சேர்த்தது கரைந்துவிடும். இப்படியே தலை நரைத்தது. விழாவில் சாமி பல்லக்கில் தெருவழியே வரும்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று கும்பிட்டுக்கொள்வார்.

ஒரு வைகாசி விசாகத்தன்று பல்லக்கு அந்தத் தெருவுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க வேறு கூரையில்லை.

"இந்த வீட்லயா சாமி?" என்று கூட வந்த சிவசாமி தயங்கினார்.

"நனையறாரே, இறக்குங்கோ" என்றார் குருக்கள். முருகன் அம்மையார் வீட்டுத் தாழ்வாரத்தில் இறங்கினார்.

"துவட்டத் துணி வேணும்மா. யாரும் உடுத்தாததா இருக்கணும்."

அந்த வீட்டில் உடுத்தாத துணிக்கு எங்கே போவது? அம்மையார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒண்ணு இருக்குங்க. ஆனா சாமி காசை முடிஞ்சு வச்சு, நான் அவுத்துத் தின்ன துணிங்க அது."

"சாமிக்குன்னு எடுத்ததுதானே? கொண்டா."

குருக்கள் முருகனைத் துவட்டி, அந்த மஞ்சள் துணியையே இடுப்பில் கட்டிவிட்டார். மழை விட்டது, பல்லக்கு மலையேறியது.

சாயங்காலம் சிவசாமி மூச்சு வாங்க வந்து வாசலில் நின்றார். "அலங்காரத்துக்குத் துணிய எடுக்கலாம்னா முடிச்சு அவுர மாட்டேங்குதுங்க. குருக்கள் உங்களைக் கையோட கூட்டியாரச் சொன்னாருங்க." ஈரத்தில் இறுகியிருக்கும் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அம்மையார் படியேறினார். நகையெல்லாம் ஓரமாக இருக்க, முருகன் அந்தப் பழந்துணியோடு நின்றுகொண்டிருந்தார். "நீயே அவிழ்த்துப் பாரும்மா" என்றார் குருக்கள்.

"ஒருக்கா அவுத்ததே போதுங்க" என்று அம்மையார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு சந்நிதியைப் பார்த்து, "எங்கம்மா சொன்ன வேல் இன்னும் சாத்தலீங்களே சாமி" என்று தேம்பினார்.

அன்று முருகனுக்கு அந்தத் துணிதான் அலங்காரம். வெள்ளி வேல் கடைசிவரை செய்ய முடியவில்லை. தாயார் சாமிக்குக் கொடுத்த வாக்கு போய்விட்டதே என்ற வருத்தம் அம்மையாரை விட்டு நீங்கவுமில்லை. ஆனால் அதன்பின் ஒருநாளும் அவர் மலையேறாமல் இருந்ததில்லை. குறையோடு போய் நின்று கும்பிட்ட அந்த வேலாத்தாள் அம்மையாரை நாமும் கும்பிட்டுக்கொள்வோம்.